பறந்த பந்திலிருந்து பின்னோக்கி

கோல்ஃப் ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவரின் பிழை வெளிப்படையானது. மட்டை தரையைக் கொத்தும், பந்து சில அடி உருண்டு நிற்கும், பார்ப்பவர் எவரும் குறையைச் சொல்லிவிடலாம். தேர்ந்த இளம் ஆட்டக்காரரின் பிழையோ அவருடைய நல்ல ஆட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, ஏனெனில் அவர் அந்தப் பிழையோடுதான் தேர்ந்தவரானார். அவருடைய வீச்சில் ஒரு கோணல் இருந்தால், அதை ஈடுகட்டும் இன்னொரு கோணலும் பல்லாயிரம் பந்துகளை அடித்த பழக்கத்தில் உடன் வளர்ந்திருக்கும். கணக்கேட்டின் வரவுப் பக்கத்தில் நேர்ந்த தவறும் செலவுப் பக்கத்தில் நேர்ந்த அதே அளவுத் தவறும் சேர்ந்து மிச்சத்தைச் சரியாகக் காட்டுவது போல, இரண்டு கோணல்களும் சேர்ந்து பந்தை இலக்குக்கு அனுப்புகின்றன. பயிற்றுநர் அவற்றில் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் திருத்தினால் மற்றது தனித்து நின்று ஆட்டத்தைக் கெடுக்கும். திறமையான சிறுவர்கள் 'திருத்தப்பட்ட' பிறகு முன்னைவிட மோசமாக ஆடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்தச் சிக்கலை ஆராய்வதற்குச் சுவிட்சர்லாந்து மிகப் பொருத்தமான நாடு. பனிச்சறுக்கும் ஐஸ் ஹாக்கியும் கோலோச்சும் அந்நாட்டில் கோல்ஃப் இன்னும் சிறிய ஆட்டம்தான். ஆயினும் ஜெனீவாவில் வளர்ந்த அல்பான் வலென்சுவேலா 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலும் அடுத்து டோக்கியோவிலும் ஆடியிருக்கிறார், கியாரா தம்புர்லீனி 2024இல் ஐரோப்பிய மகளிர் தொழில்முறைத் தொடரின் புள்ளிப்பட்டியலில் முதலிடம் பிடித்திருக்கிறார். அங்கே மலைப்பகுதி மைதானங்கள் குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் கிடப்பதால் ஆட்டப் பருவம் குறுகியது, எனவே தவறான திசையில் திருத்தி வீணாக்க எந்த இளம் ஆட்டக்காரருக்கும் நாள் மிச்சமில்லை. மேலும், மனித அசைவை அளக்கும் கலையில் அந்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. அந்த அளவீடுகள் இல்லாமல், வீச்சுப் பிழையின் வேரைத் தேடும் இன்றைய நோயறிமுறை இல்லை.

வீச்சு என்பது மட்டையை உடலைச் சுற்றிப் பின்னால் உயர்த்துவதும், அதைப் பந்தை நோக்கி இறக்குவதும், பந்தைக் கடந்து முடிப்பதும் சேர்ந்த ஒரே தொடர் இயக்கம். உயர்த்தும் பகுதி பின்வீச்சு எனவும் இறக்கும் பகுதி கீழ்வீச்சு எனவும் இங்கே குறிக்கப்படும். இந்த நீண்ட இயக்கத்தில் பந்துக்குத் தொடர்புள்ளது ஏறக்குறைய அரை மில்லிநொடி மட்டுமே. நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் வரும் மட்டைத் தலை அந்த நேரத்துக்குள் 2 சென்டிமீட்டர் அளவே நகரும், அதன் பிறகு ஆட்டக்காரர் என்ன செய்தாலும் பந்தின் போக்கு மாறாது. அந்தக் கணத்தில் மட்டை முகம் எத்திசையைப் பார்த்தது, மட்டைத் தலை எத்திசையில் சென்றது, முகத்தின் எந்த இடத்தில் பந்து பட்டது, எவ்வளவு வேகத்தில் எந்தச் சரிவில் பட்டது என்பவையே பறப்பை முடிவு செய்கின்றன. ஆகவே நோயறிதல் பந்திலிருந்து தொடங்கி, மட்டைக்கும், மட்டையிலிருந்து உடலுக்கும் பின்னோக்கிச் செல்ல வேண்டும். உடலைப் பார்த்துத் தொடங்குபவர், பார்க்க அழகில்லாத ஒன்றைப் பிழை என்று தீர்மானித்துவிடும் ஆபத்து அதிகம்.

பந்து முதலில் எத்திசையில் கிளம்பும் என்பதைப் பற்றி நெடுங்காலம் நிலவிய கருத்து தலைகீழானது. மட்டைத் தலை சென்ற பாதையே தொடக்கத் திசையைத் தருகிறது, முகம் பார்க்கும் திசை பிற்பாடு வளைவைத் தருகிறது என்றே பயிற்றுநர்கள் பலர் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். பந்தின் பறப்பை ரேடார் கொண்டு தொடரும் கருவிகள், அவற்றுள் முதன்மையாக டென்மார்க்கின் ட்ராக்மேன், பரவலான பிறகு உண்மை எல்லாருக்கும் தெரிந்தது: தொடக்கத் திசையில் முகத்தின் பங்கு முக்கால் அளவுக்கு மேல், நீண்ட தூரத்துக்குப் பயன்படும் ட்ரைவர் மட்டையில் அது இன்னும் கூடுதல், வளைவோ முகத்துக்கும் பாதைக்கும் இடையிலுள்ள கோண வேறுபாட்டால் பிறப்பது. வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் கடுமையாக வளைந்தால் அது ஹூக், வலப்பக்கம் வளைந்தால் ஸ்லைஸ், வளையாமல் வலப்பக்கமே நேராகப் போனால் புஷ் எனப்படும்.

விளக்கத்துக்காக, 15 வயது வலக்கை ஆட்டக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவருடைய ஹேண்டிகேப் சுழியை ஒட்டியது. அதாவது மைதானத்துக்கென வகுத்த அடிகளின் எண்ணிக்கைக்குள்ளேயே ஆட்டத்தை முடிக்கக்கூடியவர் என்று பொருள். அவருடைய நல்ல பந்துகள் சற்று வலமாகக் கிளம்பி இலக்கை நோக்கி மெல்ல இடம் திரும்புகின்றன. கெட்ட பந்துகள் இரண்டு வகை: சில வலப்பக்கம் போய்த் திரும்பாமலே விடுகின்றன, சில கடுமையாக இடம் வளைந்து காட்டுக்குள் விழுகின்றன. இப்படி இருபக்கமும் தவறுவது தேர்ந்த ஆட்டக்காரரின் நோய்க்கு உரிய அடையாளம். தொடக்கநிலையாளர் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் தவறுவார். ரேடாரில் அவருடைய பாதை இலக்குக்கு 6 பாகை வலமாக இருக்கிறது என்றும், நல்ல அடிகளில் முகம் 3 பாகை வலமாகப் பார்க்கிறது என்றும் வைத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடுகிறது. முகமும் 6 பாகையிலேயே நின்றுவிட்டால் வளைவே இல்லை, 220 மீட்டர் தூரத்தில் பந்து இலக்கைவிட்டு 23 மீட்டர் தள்ளி விழும். முகம் அளவுக்கு மீறித் திரும்பிச் சுழியை நெருங்கினால் வேறுபாடு பெரிதாகி ஹூக் உண்டாகும். இரு கெடுதல்களும் ஒரே வீச்சின் பிள்ளைகள். பாதை இலக்கிலிருந்து வெகுவாக விலகியிருப்பதால், மணிக்கட்டுகள் கடைசி நேரத்தில் முகத்தைத் திருப்பித்தான் பந்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பல் ஒரு கணம் முந்தினால் ஹூக், பிந்தினால் புஷ்.

எனினும் எண்களைக் கண்டவுடனே பாதையைத் திருத்தத் தொடங்கக் கூடாது. ட்ரைவரின் தலை பருத்தது, அதன் எடைமையம் முகத்துக்கு வெகுவாகப் பின்னால் இருப்பது. ஆகவே பந்து முகத்தின் நடுவை விட்டு வெளிமுனைப் பக்கம் பட்டால் தலை ஒரு புறம் திருகிக்கொள்ள, பற்சக்கரத்தோடு பற்சக்கரம் பொருந்தியது போலப் பந்து எதிர்ப்புறம் சுழன்று இடம் வளையும். இதைப் பற்சக்கர விளைவு என்பர். முனையில் பட்டதால் வந்த ஹூக்கைப் பாதையின் குற்றமாக எண்ணி மாதக்கணக்கில் பாதையோடு மல்லுக்கட்டுவது அரிதல்ல. இதைத் தவிர்க்க, விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்: பாதங்களுக்குத் தெளிக்கும் பவுடரை மட்டை முகத்தில் மெல்லிய வெண்படலமாக அடித்துவிட்டுப் பந்தை அடித்தால், பட்ட இடத்தில் பந்தின் குழிகள் பதிந்த வட்டம் ஒன்று தெளிவாகத் தெரியும், பத்துப் பந்துகளுக்குப் பின் வட்டங்கள் ஒரே இடத்தில் குவிந்துள்ளனவா, முகம் முழுதும் சிதறியுள்ளனவா என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். கைப்பேசிப் படம் இந்த வேலையைச் செய்யாது. நொடிக்கு 240 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மட்டைத் தலை 19 சென்டிமீட்டர் தாண்டிவிடுவதால், மோதல் பெரும்பாலும் இரு படங்களுக்கு நடுவில் காணாமற்போகும். உடல் அசைவைக் காண்பதற்குத்தான் அந்தப் படம் உதவும்.

சுவிட்சர்லாந்துக்கே உரிய இன்னொரு தடுமாற்றம் உயரம். வாலே மாநிலத்தின் கிரான்ஸ்-மொன்தானா மைதானம், 1939 முதல் சுவிஸ் ஓப்பன் (இப்போது ஒமேகா ஐரோப்பியன் மாஸ்டர்ஸ்) நடைபெற்றுவரும் இடம், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; எங்கடீன் பள்ளத்தாக்கில் 1893இல் தொடங்கப்பட்ட சமேடன் மைதானம் 1,700 மீட்டரில். அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. பந்தைத் தடுக்கும் விசை குறைவதால் அது கூடுதல் தூரம் போகும் என்பது எல்லா ஆட்டக்காரரும் அறிந்தது; சுழலும் பந்தைப் பக்கவாட்டில் வளைக்கும் மாக்னஸ் விசையும் அதே காற்றைத்தான் பிடிமானமாகக் கொண்டது என்பதால் அதுவும் குறைகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். சுழலும் பந்தின் ஒரு பக்கம் காற்று விரைந்தும் மறுபக்கம் தயங்கியும் செல்வதால் பிறக்கும் இவ்விசை, மெல்லிய காற்றில் வலுவிழந்துபோகிறது. ஆகவே கோடை முழுவதும் மலையில் பயிலும் சிறுவரின் வளைவுப் பிழை அங்கே அடக்கமாகத் தெரிந்து, லேமான் ஏரியை ஒட்டிய தாழ்நிலத்துக்கு இறங்கிப் போட்டியில் ஆடும்போது புதிதாக முளைத்தது போல் தோன்றும். வீச்சு மாறவில்லை, காற்றுதான் மாறியது. 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் மன்றத்தின் புல்வெளி இதைவிடவும் உயரமானது. அங்கே ஆடிவிட்டுச் சென்னை நந்தனத்தில் ஆடுபவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மட்டையிலிருந்து உடலுக்குத் திரும்பும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது காலத்தின் அளவு. கீழ்வீச்சு முழுவதும் கால் நொடி, அல்லது அதைவிடச் சற்றே கூடுதல். கண்ணால் கண்டோ தசையால் உணர்ந்தோ ஒரு பிழையை அறிந்து அதற்கு விடையாகத் தசையை இயக்க மனிதருக்கு அந்தக் கால் நொடியின் பெரும்பகுதி தேவைப்படும். ஆகவே மோதலில் காணும் பிழையை மோதலில் திருத்த முடியாது, அதன் வேர் எப்போதும் முன்னால் இருக்கும். வீச்சின் இயக்கவியலுக்கு இயற்பியலார் தரும் எளிய உருவம் இரட்டை ஊசல்: தோளிலிருந்து தொங்கும் கைகள் ஓர் ஊசல், அதன் நுனியில் மணிக்கட்டில் தொங்கும் மட்டை இன்னோர் ஊசல். ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும் பொருள்களின் அலைவைக் கணிதத்தால் முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் பாசல் நகரத்து பெர்னூலிக் குடும்பத்தின் டேனியல் பெர்னூலி, 1730களில். மேல் ஊசல் வேகம் குறையும்போது கீழ் ஊசல் வேகம் பெறுகிறது. இடுப்பு, மார்பு, கைகள், மட்டை என்று ஒவ்வொன்றும் உச்ச வேகத்தை எட்டித் தளர, ஆற்றல் அடுத்ததற்குக் கைமாறுகிறது. இந்த வரிசை தரையிலிருந்து தொடங்குவதால், காலடியில் நடப்பதை அளப்பது இன்றியமையாததாகிறது. குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதில் மின்னேற்றம் தோன்றும் பண்பைப் பயன்படுத்தி, பாதம் தரையை எத்திசையில் எவ்வளவு தள்ளுகிறது என்று காட்டும் விசைத்தட்டை வின்டர்தூர் நகரின் கிஸ்ட்லர் நிறுவனம் 1969இல் சூரிச் ஈ.டி.எச் கழகத்தின் உயிர்இயக்கவியல் கூடத்துக்காக உருவாக்கியது. யுர்க் வார்டன்வைலர் அக்கூடத்தைக் கட்டியெழுப்பியவர். நடையை ஆராயப் பிறந்த அந்தக் கருவி இன்று கோல்ஃப் வீச்சையும் படிக்கிறது.

நமது எடுத்துக்காட்டுச் சிறுவரைப் பக்கவாட்டிலிருந்து, கைகளின் உயரத்தில் வைத்த படக்கருவியால் பார்த்தால், கீழ்வீச்சில் இடுப்பு பந்தை நோக்கி முன்னேறி உடல் நிமிர்வது தெரியும். பயிற்றுநர்கள் இதை முன்கூட்டிய நிமிர்வு என்பர். இடுப்பு பந்துப் பக்கம் வந்துவிட்டதால் கைகள் கடந்து செல்ல இடமில்லை, மட்டை உடலுக்குப் பின்னால் சிக்கிப் பாதை வலப்பக்கம் விலகுகிறது, மணிக்கட்டு முகத்தைத் திருப்பிப் பந்தைக் காப்பாற்றுகிறது. விசைத்தட்டில் பார்த்தால் அழுத்தம் முன்னங்காலின் விரல் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். இவ்வளவு தெரிந்த பிறகும் நோய் தெரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நிமிர்வு என்பது ஓர் அறிகுறிதான், அது எதனால் வருகிறது என்பதே கேள்வி.

இங்கேதான் வயது குறுக்கிடுகிறது. உயரம் மிக வேகமாகக் கூடும் பருவம் பெண்களுக்குச் சராசரியாக 12 வயதையும் ஆண்களுக்கு 14 வயதையும் ஒட்டி வருகிறது. ஒருவருக்கு அது ஈராண்டு முந்தும், இன்னொருவருக்கு ஈராண்டு பிந்தும். எலும்பு முதலில் நீள, தசை பின்னால் வலுப்பெற, மூளை தன்னிடம் இருந்த உடல் வரைபடத்தைப் புதுப்பிக்க இன்னும் காலம் எடுத்துக்கொள்கிறது. சுவிஸ் ஒலிம்பிக் அமைப்பு இளம் திறமையாளரை மதிப்பிடப் பயன்படுத்தும் 'பிஸ்டே' முறை, போட்டி முடிவுகளோடு உடல் வளர்ச்சி எந்நிலையில் உள்ளது என்பதையும் கணக்கில் சேர்ப்பது இதனால்தான். பிறந்தநாளை மட்டும் பார்ப்பவர் வளர்ச்சியைத் திறமையாகவும் வளர்ச்சித் தடுமாற்றத்தைத் திறமைக் குறைவாகவும் பிழைபட எண்ணுவார். ஓராண்டில் 7, 8 சென்டிமீட்டர் வளர்ந்த சிறுவர் பழைய நீளத்து மட்டையோடு நின்றால், பந்தை எட்டுவதற்காகக் கூடுதலாகக் கூனுகிறார், எடை விரல்களில் சாய்கிறது, கீழ்வீச்சில் தடுமாறாமலிருக்க உடல் தானாகவே நிமிர்ந்து சமநிலையை மீட்கிறது. அப்படியானால் அவர் செய்வது பிழையல்ல, புத்திசாலித்தனமான தற்காப்பு.

ஆயினும் அதே நிமிர்வு வேறு காரணங்களாலும் வரலாம் என்பதால் ஒவ்வொன்றையும் தனியே சோதித்து விலக்க வேண்டும். சிறுவரைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் மெல்லச் சாய்த்தால், இடுப்பு மூட்டு உட்புறம் எவ்வளவு சுழல்கிறது என்று தெரியும். வலக்கை ஆட்டக்காரருக்கு இட இடுப்பின் இந்தச் சுழற்சி குறைந்திருந்தால், இடுப்பு சுழல முடியாமல் முன்னே தள்ளப்படுவது இயல்பு, அதற்கு மருந்து மூட்டசைவுப் பயிற்சியில் இருக்கிறதே தவிர வீச்சுப் பாடத்தில் இல்லை. மூட்டு தாராளமாக இருந்து, பந்தில்லாமல் வீசும்போது நிமிர்வு மறைந்து பந்து வந்ததும் திரும்பி வந்தால், உடலால் முடிகிறது என்றும் பந்தைச் சரியாகத் தொட வேண்டும் என்ற ஏதோ ஒரு தேவை அதைக் கெடுக்கிறது என்றும் பொருள். பெரும்பாலும் அத்தேவை, பின்வீச்சின் உச்சியிலேயே முகம் வலமாகத் திறந்திருப்பதிலிருந்து பிறக்கும், அதன் வேர் மட்டையைப் பிடிக்கும் பிடியில் இருக்கும். அரை அங்குலம் நீண்ட மட்டையைக் கொடுத்ததுமே நிமிர்வு குறைந்தால் குற்றம் கருவியுடையது. மூன்று சோதனைகளுக்கும் சேர்த்து அரைமணி நேரம் போதும், ஆனால் அவற்றைச் செய்யாமல் 'நிமிராதே' என்று ஓராண்டு சொல்லிக்கொண்டிருப்போர் உண்டு, அது கொடுமை. முதுகின் கீழ்ப்பகுதியில் வலி நீடிக்கிறது என்று சிறுவர் சொன்னால் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், ஏனெனில் வளரும் முள்ளெலும்பில் திரும்பத் திரும்பத் திருகலும் வளைவும் சேர்ந்தால் விரிசல் விழக்கூடும்.

காரணம் தெரிந்த பிறகும் உடனே திருத்தியாக வேண்டும் என்பதில்லை. போட்டிப் பருவத்தின் நடுவே பாதையை 6 பாகையிலிருந்து 2 பாகைக்குக் கொண்டுவந்துவிட்டு, 3 பாகை வலமாகப் பார்க்கும் முகப் பழக்கத்தை அப்படியே விட்டால், பந்து வலமாகக் கிளம்பி மேலும் வலமாகவே வளையும். இரு கோணல்களையும் சேர்த்தே எடுக்க வேண்டும், அதற்குக் காலம் வேண்டும். சுவிட்சர்லாந்தின் குளிர்காலம் இவ்வகையில் ஒரு வரம். நவம்பருக்குப் பின் மலைப்பகுதியில் வெளியே ஆட்டமில்லை, கூடத்துக்குள் சில மீட்டர் தொலைவில் தொங்கும் வலையில் பந்து போய் விழுகிறது, பந்து எங்கே போனது என்ற கவலை ஆட்டக்காரரைப் பழைய ஈடுகட்டலுக்கு இழுப்பதில்லை. ரேடார் திரையையும் முதல் சில வாரங்களுக்கு அணைத்துவைப்பது நல்லது. அடிக்கு அடி எண்ணைப் பார்ப்பவர் எண்ணுக்காக மணிக்கட்டை அசைத்துப் பழகிவிடுவார்.

நோயறிதல் பின்னோக்கிச் சென்றால் திருத்தம் முன்னோக்கி வர வேண்டும்: முதலில் மட்டையின் நீளமும் சாய்வும், பிறகு பிடி, பிறகு நிற்கும் முறை, எடை பாதத்தின் நடுவில் விழுகிறதா என்பது, அதற்கு அப்புறம்தான் அசைவு. தொடக்கநிலை சரியானதுமே அசைவிலிருந்த கோணலில் பாதி, தேவையற்றுப்போய்த் தானே உதிர்ந்துவிடுவதைப் பயிற்றுநர்கள் காண்கின்றனர். எஞ்சியதை மாற்றச் சொற்களைவிடச் சூழ்நிலை மேலானது. சிறுவரின் பின்புறம் தொடும்படி நாற்காலி ஒன்றை வைத்து, பந்தை அடித்து முடிக்கும் வரை அத்தொடுகையை இழக்காமலிருக்கச் சொன்னால் இடுப்பு முன்னே வர வழியில்லை. வசந்தத்தில் பனி விலகியதும் மலைச்சரிவு மைதானங்களே ஆசிரியர்களாகின்றன. பாதத்தைவிடப் பந்து தாழ்ந்து கிடக்கும் சரிவில், நிமிர்பவரின் மட்டை பந்தின் தலையைத்தான் தொடும் என்பதால், ஒரு சொல்கூடச் சொல்லாமல் உடல் குனிந்த நிலையைக் காத்துக்கொள்ளக் கற்கிறது. தட்டையான பயிற்சித் தளத்தில் நூறு பந்து அடிப்பதைவிட இத்தகைய சரிவில் இருபது பந்து அடிப்பது பயன் தரும்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் எதைச் சொல்வது என்பதற்கும் ஆய்வு வழிகாட்டுகிறது. கப்ரியேல வுல்ஃபும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட கோல்ஃப் ஆய்வில், கைகளின் அசைவை நினைத்துக்கொண்டு அடித்தவர்களைவிட மட்டையின் அசைவை நினைத்துக்கொண்டு அடித்தவர்கள் துல்லியமாகக் கற்றனர். கவனம் உடலுக்கு வெளியே இருக்கையில் உடல் தன் வேலையைத் தானே செய்கிறது. தேர்ந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் தம் அடியின் படிகளைக் கவனித்துக்கொண்டே அடித்தபோது, வேறு எதிலோ கவனம் சிதறியபோது அடித்ததைவிட மோசமாக அடித்தனர் என்பது சியான் பைலாக் குழுவினரின் 2002ஆம் ஆண்டு ஆய்வின் முடிவு. ஆகவே 'இடுப்பைப் பின்னால் வை' என்பதைவிட 'பெல்ட்டின் பின்புறத்தால் நாற்காலியைத் தள்ளு' என்பது நல்ல அறிவுரை, அதுவும் குளிர்காலத்துக்கு மட்டும். போட்டி நாளில் அதையும் சொல்லக் கூடாது. ஒரே மட்டையால் ஒரே இலக்குக்குத் தொடர்ந்து அடிக்கும் பயிற்சி அன்றைய தினம் முன்னேற்றத்தைக் காட்டினாலும் அடுத்த வாரம் நிலைப்பதில்லை என்பதால், புதிய அசைவு ஓரளவு பிடிபட்டதும் ஒவ்வோர் அடிக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றியாக வேண்டும்.

திருத்தம் முடிந்ததா என்பதைப் படத்தில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. தாழ்நில மைதானம் ஒன்றில், வலப்பக்கம் காடும் இடப்பக்கம் தண்ணீரும் உள்ள துளைகளில், மதிப்பெண் எழுதி ஆடிய சில சுற்றுகளின் தவறுகளை மட்டும் வரைபடத்தில் குறித்துப் பார்க்க வேண்டும். முன்பு இருபுறமும் சிதறிய புள்ளிகள் இப்போது ஒரே பக்கம் சேர்ந்திருந்தால், இடுப்பு இன்னும் சற்றே நிமிர்ந்தாலும் பாதை 2 பாகைக்குப் பதில் 3 பாகையில் நின்றாலும் பயிற்றுநர் வேலையை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் தவறுபவர் மறுபக்கத்தின் ஓரத்தைக் குறிவைத்து நாலு நாள் போட்டியை அச்சமின்றி ஆட முடியும்.